சத்தம் போடாமல் நடக்கும் வித்தை

எங்கள் ஊர் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் குங்பூ படம் போடுவார்கள். அன்றைக்குப் பட்டாசு கம்பெனிகளுக்கு லீவு என்பதால் புதுப்பட்டியில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். எங்கேயோ எடுத்து, தமிழ் பேச வைத்த படங்கள். மொத்தப் படத்துக்கும் இரண்டே ஆண்கள்தான் குரல் கொடுத்திருப்பார்கள். அதில் ஒருவரே கிழவிக்கும் பேசுவார். நாயகன் கூரைக்குக் கூரை தாவும்போது இடுப்பில் கட்டிய கம்பி பளிச்சென்று தெரியும். அடி விழுந்தால் ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் வரும். அச்சாபீஸில் மெஷின் ஓட்டிய அப்பா, "இதெல்லாம் ஒரு படமா?" என்று எழுந்து வெளியே போய்விடுவார். நானும் அம்மாவும்தான் கடைசிவரை பார்ப்போம்.

அம்மா முன்பெல்லாம் சீரியல் பார்ப்பவள். அந்த வருஷம் திடீரென்று விட்டுவிட்டாள். "பேசிக்கிட்டே இருக்காக, அதுல என்னத்தப் பாக்க?" என்றாள். குங்பூ படத்தில் பேச்சுக்கு வேலை இல்லை. புருவம் மேலே ஏறியிருந்தால் கெட்டவன். நல்லவன் முதலில் அடி வாங்குவான், பிறகு மலைமேல் போய் வித்தை கற்று வந்து திருப்பி அடிப்பான். அவன் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அம்மா என் தொடையில் ஓங்கித் தட்டுவாள். அவள் என் ரசனைக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு படத்தில் மொட்டைத்தலை குரு, சீடனின் காலில் மணியைக் கட்டி, அது ஒலிக்காமல் மரப்பலகைமேல் நடக்கச் சொல்வார். அவன் தேறியதும் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பான். எதிரிக்குத் தெரியாது. எனக்கு அப்போது எட்டு வயது, காலில் கொலுசு வேறு இருந்தது. மறுநாளே பயிற்சியைத் தொடங்கிவிட்டேன்.

அம்மா அடுப்பைப் பார்த்து நின்றபோது பின்னால் நடந்துபோய்த் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியவள், என்னைக் கண்டதும் சிரித்தாள். அடுத்த நாளும் பலித்தது. வாரக் கடைசியில் நான் நடக்கக்கூட இல்லை, குதித்துக்கொண்டே போனேன். அப்போதும் அம்மா திரும்பவில்லை. அப்பாவிடம் மட்டும் பலிக்கவில்லை. படித்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்னத்தா வேணும்?" என்று கேட்டுவிட்டார். ஆண்களிடம் பலிக்காத வித்தை போலும் என்று விட்டுவிட்டேன்.

அதனால் அத்தையிடம் போனேன். அத்தை, அப்பாவின் தங்கை. இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அம்மா வேலை பார்த்த அதே பட்டாசு கம்பெனியில் பாக்கிங்கில் இருந்தாள். அவளும் அம்மாவும் பேசிக்கொண்டு பல மாதம் ஆகியிருந்தது. குழாயடியில் மூன்று தரம் கூப்பிட்டும் அம்மா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாளாம். அந்த அவமானத்தை அத்தை தெருவெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தை கீரை ஆய்ந்தாள். நான் நாலடி வைப்பதற்குள், "கொலுசுச் சத்தம் தெரு முக்குலயே கேட்டுருச்சு. யாருகிட்ட வேல காட்டுத?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கம்மாகிட்ட பலிக்குதே. நேத்து பின்னாடி நின்னு கையக்கூடத் தட்டுனேன், திரும்பல."

"எந்தப் பக்கம் நின்னு தட்டுன?"

"எந்தப் பக்கம் நின்னாலும் திரும்ப மாட்டா."

அத்தையின் கை கீரைக்குள் அப்படியே நின்றது. பிறகு எழுந்து, "வா, எனக்குக் காட்டு" என்றாள்.

கொல்லையில் அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அத்தை நிலைப்படியில் நின்றாள். நான் கொலுசு குலுங்க நடந்துபோய் அம்மாவின் பின்னால் இரண்டு குதி குதித்துவிட்டு, வெற்றியோடு அத்தையைப் பார்த்தேன்.

அத்தை, "மதினி" என்றாள். அம்மா விளக்கிக்கொண்டே இருந்தாள். "மதினி" என்று இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வித்தை அவளை அப்படி உலுக்கிவிட்டது என்று நினைத்தேன்.

அத்தை சுற்றிப்போய் எதிரே நின்றதும் அம்மா பதறி எழுந்தாள். "எப்ப வந்த? உக்காரு, காப்பி போடுதேன்." அத்தை அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக ஏதோ கேட்டாள். அம்மா தலையைக் குனிந்தாள். "வெளிய சொல்லிராத. தெரிஞ்சா ரூமுக்குள்ள விட மாட்டாக" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. என்னைச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது இருவரும் ஒட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

முந்தின வருஷம் கம்பெனியில் அம்மாவின் ரூமுக்கு அடுத்த ரூம் வெடித்தது. அம்மா சிறு கீறல்களோடு வந்தாள்; ஒன்றும் ஆகவில்லை என்று கோயிலில் பொங்கல் வைத்தோம். காது போனதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவாள் என்பதால் அப்பாவுக்கே தெரியவில்லை. வெடிமருந்து ரூமில் ஒரு பொறி விழுந்தால் யாராவது "ஓடுங்க" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்காத ஆளை உள்ளே வைத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவுக்கு வேறு வேலை தெரியாது. இதெல்லாம் அவள் வேலையை விட்டு, காதில் மிஷின் வைத்துக்கொண்ட பிறகு எனக்குச் சொன்னவை.

அவர்கள் அழுததற்கு அடுத்த திங்கட்கிழமையே அத்தை போர்மேனிடம் கேட்டு அம்மாவின் ரூமுக்கு மாறிவிட்டாள். பாக்கிங்கில் நிம்மதியாக இருந்தவள் ஏன் மருந்துக்கு நடுவே போய் உட்காருகிறாள் என்று மாமா கத்தினார். அவருக்கும் அவள் காரணம் சொல்லவில்லை.

வேலைக்குப் போகும்போது அம்மா சேலைக்குமேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள். அந்த வாரத்திலிருந்து சட்டையின் ஒரு பக்க ஓரம் மட்டும் தினமும் கசங்கி வந்தது. துவைக்கும்போது என்னவென்று கேட்டேன். "உங்கத்தைதான். பக்கத்துல உக்காந்து, இத முழங்காலுக்கு அடியில அமுக்கி வச்சுக்கிடுதா. அவ எந்திரிச்சா இழுப்பு விட்டுரும், எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

அம்மா சட்டையைப் பிழிந்தாள். "அவளுக்குப் பயம்."

நான் நம்பினேன். எங்கள் அத்தையைப் போலப் பயந்தாங்கொள்ளி இந்த ஊரிலேயே கிடையாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.