இன்னொரு கன்னியப்பன்

"முனியன் மகன் கன்னியப்பனா?"

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் பரந்தாமன் விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே நின்றவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆமா சார்."

"உனக்கு எதுக்குய்யா எல்.எல்.ஆர்.? உன் லைசென்ஸைத்தான் போன வருஷமே ரத்து பண்ணியாச்சே."

கன்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லைசென்ஸ் என்று ஒன்றை அவன் கையால் தொட்டதுகூட இல்லை. "நான் இப்பத்தான் சார் மொதல் மொதல்ல வரேன்" என்றான்.

"பூந்தமல்லி ரோட்டுல லாரிய ஏத்தி ஒரு ஸ்கூல் பொண்ணக் கொன்னியே, அது யாரு? ஊரை மாத்திப் போட்டா கண்டுபிடிக்க மாட்டோம்னு நெனச்சியா?"

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவனுக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஓரடி விலகி நின்றுகொண்டார். அந்த ஓரடிதான் கன்னியப்பனைச் சுட்டது. "சாமி சத்தியமா நான் இல்ல சார்" என்றான்.

எண்பத்தேழாம் வருஷம், கார்த்திகை மாதம் அது. பருத்திப்பட்டு ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம் கன்னியப்பனுடையது. நிலத்தில் பாதி கைமாறிய பிறகு அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு எடுபிடி வேலைக்குப் போனான். முதலாளி ரகுநாதனின் அம்பாசடர் காரைத் தினமும் துடைத்து நிறுத்துவதும் அவன்தான். கார் ஓட்டிக்கொண்டிருந்த மதுரைவீரன் பொங்கல் முடிந்ததும் துபாய்க்குக் கிளம்புவதாக இருந்தான். "அதுக்குள்ள எல்.எல்.ஆர். எடுத்துட்டு வா. வீரன் கத்துக் குடுத்துட்டுப் போகட்டும். வண்டிய வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசில்ல" என்று ரகுநாதன் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை வீட்டில் வந்து சொன்ன அன்று அவன் மனைவி தாட்சாயிணி தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது அதே தெருவுக்கு வேறு சேதி வந்து சேர்ந்தது. வரிசையில் நின்ற, பக்கத்து ஊரான ஆவடிக்காரர் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். டீக்கடையில் கன்னியப்பன் நுழைந்தால் பேச்சு நின்றது. மச்சான் உத்தமன் வந்து, "மாமே, உள்ளத சொல்லு. நீ முன்னாடி லாரி எதுனா ஓட்டினியா?" என்று கேட்டான். தாட்சாயிணி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "சைக்கிள்ல என்னிய ஒக்கார வெச்சிகினு போவவே பயப்படற ஆளு. இவரு லாரி ஓட்னாராம்! கேக்க வந்துட்டான்!"

ஆபீசுக்குப் போன ஒவ்வொரு முறையும் கன்னியப்பன் ஒரே பதிலைத்தான் கேட்டான். பழைய ஆளின் ஃபைல் கோர்ட்டில் இருக்கிறது. அதில்தான் போட்டோ இருக்கிறது. ஃபைல் வந்தால் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ஒருநாள் ஃபைல் வரவில்லை. இன்னொரு நாள் ஆபீசர் லீவு. கிராம அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான்.

"நீ பருத்திப்பட்டுக்காரன்னு இது சொல்லுது. அந்தக் கன்னியப்பன் நீ இல்லைன்னு எங்க சொல்லுது?" என்றார் பரந்தாமன். பிறகு சலிப்போடு, "ஒண்ணு பண்ணு. செம்பரம்பாக்கம் பக்கம்தான் அவன். ஜெயில்லேர்ந்து ஜாமீன்ல வந்துட்டானாம். போய் அவனையே கூட்டிக்கிட்டு வா" என்றார்.

அவன் வாயை அடைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். கன்னியப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு செம்பரம்பாக்கத்தில் போய் இறங்கினான். "லாரி ஓட்டின கன்னியப்பன் ஊடு எது?" என்று கேட்ட முதல் ஆள் பதில் சொல்லாமல் நடந்தான். இரண்டாவது ஆள், "நீ யாரு? இன்னா வோணும்?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். செத்த பெண்ணின் சொந்தக்காரர்கள் ஒருதரம் கட்டையோடு வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது கன்னியப்பனுக்கு அப்போது தெரியாது. தெருக்கோடியில் இருந்த ஓலை வீட்டுக்குள்ளிருந்து வேம்புலியம்மாள் என்ற பெண் எட்டிப் பார்த்து, "அவரு இங்க இல்ல. ஊர உட்டே போய்ட்டாரு" என்று படலைச் சாத்தினாள். ஆனால் சாத்தும்போது அவள் கண் ஒரு நொடி ஏரிக்கரைப் பக்கம் போனது.

கரைச் சரிவில் ஒருவன் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்தான். கன்னியப்பன் வயதுதான் இருக்கும், ஆனால் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. கையில் அரிவாள். சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை.

"அந்தப் பொண்ணு ஊட்டு ஆளா?" என்றான்.

"இல்ல."

"பொய் சொல்லாத. அடிக்க வந்தியா? வா." அரிவாளைப் புல்லுக்கட்டின்மேல் போட்டுவிட்டு, கையைத் தொங்கவிட்டு அப்படியே நின்றான்.

கன்னியப்பன் எட்டியே நின்றான். "அண்ணாத்தே, எம்பேரும் கன்னியப்பன்தான். எங்க நைனா பேரும் முனியன்தான்" என்றான்.

நடந்ததை எல்லாம் சொன்னான். மற்றவன் முகத்தில் அசைவே இல்லை. கடைசியில், "அந்த ஆபீஸ் வாசல மிதிக்க மாட்டேன். பஸ்லகூட ஏர்றதில்ல நானு. டயர் சத்தம் கேட்டாலே வவுத்த பெரட்டும். நீ போ" என்றான்.

இத்தனை வாரம் அடக்கி வைத்திருந்தது கன்னியப்பனுக்குப் பொங்கிவிட்டது. "நீ இங்க ஏரிக்கரைல ஒளிஞ்சிகினு கீற! அங்க என் தெருவுல என்னியப் பாத்துத்தான் பேச்ச நிறுத்துறானுங்க. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன் நீ. நான் இன்னாய்யா பண்ணேன்?"

சொன்ன பிறகுதான் அந்த முகத்தைப் பார்த்தான். எதிராளி மெல்லக் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கன்னியப்பன் வேறொன்றும் பேசத் தோன்றாமல், தான் ஆபீசுக்குப் போகப்போகும் கிழமையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான். வருவான் என்ற நம்பிக்கை இல்லை. அவனிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது நெஞ்சு அறுத்தது.

ரகுநாதன் கொடுத்த கெடுவில் அதுதான் கடைசி வாரம். வேறொரு டிரைவரை வரச் சொல்லியிருப்பதாகப் பட்டறையில் பேசிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் சொன்ன அந்தக் கிழமை காலை கன்னியப்பன் ஜன்னல் முன்னால் நின்றபோது பரந்தாமன் கையை விரித்தார். "ஃபைல் இன்னும் வரலைய்யா."

அவன் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "தள்ளி நில்லுய்யா" என்று பரந்தாமன் அதட்டியபோது, வாசலில் வேம்புலியம்மாள் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், முழங்கால்வரை புழுதி ஏறிய கால்களோடு அவள் புருஷன். செம்பரம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். வாசற்படியில் அவன் ஒரு கணம் நின்றான். வேம்புலியம்மாள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

நேராக ஜன்னலுக்கு வந்தான். "சார், நான் செம்பரம்பாக்கம் கன்னியப்பன். அந்தக் கொழந்த மேல லாரிய ஏத்துனவன் நான்தான். இவுரு இல்ல."

அங்கே இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. பரந்தாமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தானே அவர்களை ஆபீசரின் அறைக்கு அழைத்துப் போனார்.

ஆபீசர் செம்பரம்பாக்கத்தானிடம் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு பருத்திப்பட்டானைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சுவரில் மாட்டியிருந்த சாலைக் குறியீட்டு போர்டில் ஒரு படத்தைக் காட்டினார். "இது என்ன?"

"பள்ளிக்கூடம் சார். மெதுவாப் போவணும்." சொல்லும்போது பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அதற்குமேல் கேட்ட படங்களில் ஒன்றைத் தப்பாகச் சொன்னான். ஆபீசர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "டீயாவது சாப்டுட்டுப் போங்க அண்ணாத்தே" என்றான் கன்னியப்பன்.

"வோணாம். இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரணும்."

"அன்னிக்கு நான் பேசினது..."

"நீ பேசினது கெடக்கட்டும். இவதான் போன்னு சொன்னா" என்று மனைவியைக் காட்டினான் மற்றவன். இருவரும் ரோட்டோரம் இறங்கி நடந்தார்கள். ஒரு லாரி கடந்தபோது வேம்புலியம்மாள் அவனைத் தன் உள்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

எல்.எல்.ஆரைப் பார்த்த ரகுநாதன், வரச் சொல்லியிருந்த டிரைவரைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் காலை பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் மதுரைவீரன் கன்னியப்பனை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தான். இன்ஜின் ஓடியது. கியரும் விழுந்தது. ஆனால் கன்னியப்பனின் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மறுத்தது.

"எதிர்ல ஒரு காக்கா குஞ்சுகூட இல்ல. மிதிடா" என்றான் வீரன்.

கன்னியப்பன் முன்னால் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், மறுபடி முன்னால் பார்த்தான். பிறகு மெதுவாக மிதித்தான்.