பிரேசிலுக்குப் போன பம்பு

ஜஹானாரா பிறந்து வளர்ந்தது ஆப்பிரிக்காவில், மொசாம்பிக்கில். அவளுடைய அத்தா கரீம் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். கோவா இந்தியாவோடு சேர்ந்ததும், கோவாவை இழந்து மொசாம்பிக்கை இன்னும் ஆண்டுகொண்டிருந்த போர்ச்சுகீசியர்கள் தங்கள் ஆத்திரத்தை இந்தியர்கள் மேல் காட்டினார்கள். கடை போயிற்று. குடும்பத்தை முகாமில் அடைத்து வைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

1962இல் சென்னையை ஒட்டிய இரும்புலியூரில் குடியேறிய அன்றே கரீம் சொல்லிவிட்டார்: "அந்த பாஷை இனிமே இந்த வீட்ல கேக்கக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் அவள் படித்ததெல்லாம் போர்ச்சுகீஸில்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். தாம்பரத்தில் இங்கிலீஷும் டைப்பிங்கும் கற்று, பல்லாவரத்தில் பட்டாபிராமன் என்பவருடைய பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

1970இல் பிரேசிலிலிருந்து டெஷைரா என்ற வியாபாரி பம்பு வேண்டும் என்று விசாரித்தார்.

"அங்கே போர்ச்சுகீஸ்தானாம். நம்ம நோட்டீஸ் இங்கிலீஷ்ல இருக்கு. யாரைப் பிடிக்கிறது?" என்று பட்டாபிராமன் புலம்பினார்.

"நானே எழுதறேன் சார்" என்றாள் ஜஹானாரா. ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

'மற்ற பம்புகளைவிட அதிகமாக இறைக்கும் திறன் கொண்டது' என்பது இங்கிலீஷ் வாசகம். திறன் உள்ளது என்பதற்கு போர்ச்சுகீஸில் 'கபாஸ்'. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தாள். எங்கேயோ இடித்தது. மொசாம்பிக்கில் பக்கத்து வீட்டுக்காரி மேகத்தைப் பார்த்து இதே வார்த்தையைத்தான் சொல்வாள்: மழை பெய்தாலும் பெய்யும். அப்படியானால் இந்தப் பம்பு தண்ணீரை இறைத்தாலும் இறைக்கும்!

அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்தாள். வேறு வார்த்தைகள் போட்டுப் பார்த்தாள். எல்லாம் மந்திரி மேடைப் பேச்சு மாதிரி இருந்தன. கடைசியில் திறனையே தூக்கி எறிந்தாள். 'மற்றதைவிட அதிகம் இறைக்கும். அதிக நாள் உழைக்கும்.' போர்ச்சுகீஸில் அது கணீரென்று விழுந்தது.

சாயங்காலம் வீட்டில், பயந்துகொண்டே அத்தாவிடம் கேட்டாள்.

"நீங்க வியாபாரி. இதைக் கேட்டா வாங்குவீங்களா?"

சத்தமாக வாசித்தாள். கரீமின் முகம் இறுகியது. தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பிறகு, போர்ச்சுகீஸிலேயே, "வாங்குவேன்" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்தில் டெஷைராவே நேரில் வந்து நின்றார். சோதனைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைச் சிமிட்டி, "கபாஸ்?" என்று கேட்டார். ஓடினாலும் ஓடுமா என்ற கிண்டல் அது.

பட்டாபிராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜஹானாரா சிரிக்காமல் போர்ச்சுகீஸில் பதில் சொன்னாள். பிறகு ஃபிட்டர் துளசிங்கத்தைப் பார்த்து, "போடுங்க அண்ணா" என்றாள்.

சுவிட்சைத் தட்டியதும் தண்ணீர் பீய்ச்சியடித்து ஷெட்டின் தகரக் கூரையில் மோதி எல்லார் மேலும் கொட்டியது. நனைந்த கோட்டோடு டெஷைரா கைதட்டிச் சிரித்தார். அங்கேயே இருநூறு பம்புக்கு ஆர்டர் கொடுத்தார்.

"இனிமே ஏற்றுமதி முழுக்க உன் பொறுப்பும்மா" என்றார் பட்டாபிராமன், கண்ணாடியைத் துடைத்தபடி.

துளசிங்கம் ஓடி வந்தான். "இன்னாமா சொன்னே அந்தாளாண்ட? அப்டியே கவுந்துட்டான்!"

"நம்ம துளசிங்கம் அண்ணன் மாட்டின பம்பு, ஓடாம இருக்காதுன்னு சொன்னேன்."

"மெய்யாலுமா?" என்று கேட்டுவிட்டு, அவன் ஷெட் முழுக்கத் தண்டோரா போடப் போனான்.