எம்பிஏக்காரங்க கோட்டு

அப்ளிகேஷனுக்குப் போட்டோ எடுக்க இன்னைக்கு ஹட்டன்ல ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"மேல படிக்கப் போறேன்"னு சொன்னதுதான். ஸ்டூடியோ அண்ணன் ஆணியில மாட்டியிருந்த கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டிட்டாரு. "எம்பிஏவா? எம்பிஏக்காரங்க எல்லாரும் இதத்தான் போட்டுக்குவாங்க."

"எம்பிஏ இல்லண்ணே. தொழில் நடத்துறதப் பத்தி ஒரு வருஷ டிப்ளோமா. இங்கயே, சனிக்கிழமையில."

அவரு முகம் வாடிப்போச்சு. "ஏன் தங்கச்சி, எடம் கெடைக்கலயா?"

ஒரு மாசமா ஊரே கேக்குற கேள்வி இது, எங்கம்மா உட்பட. எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துருச்சு.

"கெடச்சுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன். லிந்துலையில நாலு மெஷின் போட்டுத் தையல் கடை வச்சிருக்கேன். நான் கொழும்புக்குப் போயிட்டா கடைய மூடணும். தைக்கிற நாலு அக்காமாரும் திரும்பத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகணும். இந்தப் படிப்புல அவங்கவங்க கடைய வச்சுத்தான் பாடமே."

அண்ணன் கோட்டைத் திரும்ப மாட்டிட்டு, என்னைய ஸ்வெட்டரோடயே எடுத்தாரு.

பிரிண்ட் வர்றதுக்குள்ள மெதுவா கேட்டாரு: "நாப்பத்தாறு வயசுக்காரனச் சேத்துக்குவாங்களா?"

"சொந்தக் கடை இருந்தா போதும்ண்ணே."

கேமராவ என் கையில குடுத்துட்டு ஸ்டூல்ல போய் உக்காந்தாரு. "கோட்டு வேணாமாண்ணே?"ன்னேன். தலைய மட்டும் வாரிக்கிட்டாரு.

ஹட்டன்ல போட்டோ எடுக்க இருக்கவங்க இனிமே வெள்ளிக்கிழமைக்குள்ள போயிருங்க. சனிக்கிழமை போனா கோட்டு மட்டும்தான் இருக்கும்.