மூன்றாம் வரிசையில் எங்கள் நாடு

என் பீரோவில், பத்திரங்களுக்கும் பழைய ரேஷன் கார்டுகளுக்கும் அடியில் ஒரு கெட்டி அட்டை இருக்கிறது. மேல்நாட்டு அச்சு இயந்திரக் கம்பெனி ஒன்று தன் வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பியது. உலகத்து நாடுகளை அதில் மூன்று வரிசையாகப் பிரித்து அச்சடித்திருக்கிறார்கள். முதல் வரிசை நாட்டுக்காரர்களுக்குச் சரக்கு முதலில் வரும், பணம் தொண்ணூறு நாள் கழித்துக் கட்டலாம். இரண்டாம் வரிசைக்கு பாங்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் சரக்கு. மூன்றாம் வரிசைக்கு முழுப் பணமும் முன்னாலேயே போய்ச் சேர வேண்டும், அதுவரை ஓர் ஆணிகூட வராது. எங்கள் நாடு மூன்றாம் வரிசையில், கீழிருந்து நான்காவதாக இருக்கிறது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். யாருக்குத் தணிந்ததோ, அந்த அட்டையை எடுத்தால் எனக்கு இன்னும் வருகிறது.

அதை எனக்கு விட்டுப்போனவள் என் மதினி, மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்தான். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுப்பது, வெடிக்கான காகிதக் குழாய்களைச் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களிடம் கொடுத்துச் சுற்றி வாங்கி விற்பது, இரண்டும்தான் தொழில். ஐம்பதுகளின் நடுவில், கடன் சொல்லி ஒரு புது இயந்திரத்தை வரவழைத்த கையோடு அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். மதினிக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு விருதுநகருக்கே வந்துவிடு என்று அவள் பிறந்த வீட்டார் கூப்பிட்டார்கள். "நான் இங்கனயே இருந்து பாத்துக்கிடுதேன்" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டாள். கல்லூரி முடித்திருந்த நான் டைப் அடிக்கப் போனேன். அவள் தமிழில் திட்டுவாள், அந்தத் திட்டை இங்கிலீஷில் மரியாதையான கடிதமாக மாற்றுவதுதான் என் உத்தியோகம்.

இயந்திரத்தோடு வந்த முதல் அட்டையில் எங்கள் நாடு முதல் வரிசையில் இருந்தது. மதினிக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் நாட்டின் பெயர் எழுத்துகளை மட்டும் அடையாளம் வைத்திருந்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டையை ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் தொட்டுக் காட்டுவாள். சில வருஷம் கழித்து வந்த அடுத்த அட்டையில் இரண்டாம் வரிசைக்கு இறங்கியிருந்தோம். அந்நியச் செலாவணி தட்டுப்பாடு என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு சண்டை வந்தது, மறுபடி ஒரு சண்டை, மழை பொய்த்தது, கப்பலில் கோதுமை வந்தது. அறுபத்தாறில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், அந்தச் சூடு ஆறுவதற்குள் மூன்றாவது அட்டையும் வந்து சுவரில் ஏறிவிட்டது. இத்தனை இறக்கத்திலும், இயந்திரத்துக்கும் உதிரிபாகங்களுக்கும் மதினி கட்ட வேண்டிய பணம் ஒரு தடவையும் நாள் தவறவில்லை. பதினோரு வருஷம். கடிதங்களை அடித்தவள் நான், அதனால் தைரியமாகச் சொல்வேன்.

அந்த ஆனி மாதம், தீபாவளி சீசனுக்கு லேபிள் ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில், இயந்திரத்தின் பெரிய பல்சக்கரம் உடைந்தது. கை இயந்திரம் ஒன்று இருந்தது, அது கால்வாசி வேலைக்குக்கூடக் காணாது. ஆவணிக்குள் லேபிள் போகவில்லை என்றால் கம்பெனிகள் வேறு அச்சாபீஸுக்குப் போய்விடும். ஒரு சீசன் போனால் அச்சாபீஸும் போச்சு. சக்கரத்தை உடனே அனுப்புங்கள், வழக்கம்போல் நாள் தவறாமல் பணம் வரும் என்று எழுதினோம். முன்பணம் அனுப்ப அரசாங்க அனுமதி வாங்குவதற்குள் தீபாவளியே முடிந்துவிடும் என்பதையும் சொன்னோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. மிகவும் நாகரிகமான பதில்தான். உங்கள் நிறுவனத்தின் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, உங்கள் நாட்டின் மீதுதான், எந்த நிறுவனத்தையும் அதன் நாட்டுக்கு மேலான இடத்தில் வைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்று இருந்தது.

தமிழில் நான் சொல்லச் சொல்ல மதினியின் முகம் கறுத்தது. "எம்மேல குத்தமில்லையாம்லா? பெறகு எதுக்குடி என்னயத் தண்டிக்கான்?" என்றாள். 

இங்கே ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் உள்ள ஊர். பெயரை எழுத மாட்டேன், பட்டியலில் பெயர் ஏறி அந்த ஊர் பட்டது போதும். குழாய் சுற்றக் காகிதக் கட்டு வாங்கிப் போன அந்த ஊர்க்காரி ஒருத்தி, எப்போதோ கட்டோடு காணாமல் போய்விட்டாள். அன்றே எங்கள் அச்சாபீஸ் கணக்குப்பிள்ளை தன் நோட்டில் அந்த ஊருக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டார். மற்ற ஊர்ப் பெண்கள் வெறுங்கையோடு வந்து கட்டு வாங்கிப் போவார்கள். அந்த ஊர்ப் பெண்கள் மட்டும் பித்தளைக் குடத்தை ஈடாக வைத்துவிட்டுப் போக வேண்டும், சுற்றிய குழாயைக் கொடுத்துத்தான் குடத்தை மீட்க வேண்டும். அச்சாபீஸ் பரணில் எப்போதும் பத்துப் பதினைந்து குடங்கள் கவிழ்ந்து கிடக்கும். மதினிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் ஏதும் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

கடிதம் வந்த மறுநாள் காலை அந்த ஊர்ப் பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவள் குடம் கொண்டுவரவில்லை. எங்கே குடம் என்றார் கணக்குப்பிள்ளை.

"கொண்டாரல. ஏளு வருசமாக் குளாய் சுத்துதேன், ஒரு கட்டு கொறஞ்சிருக்கா? எவளோ ஒருத்தி ஓடுனதுக்கு ஊருல அம்புட்டுப் பேரும் மண்பானையில தண்ணி எடுக்கணுமா?"

கணக்குப்பிள்ளை நல்ல மனுஷர். பொறுமையாகவே சொன்னார். "உம்மேல ஒரு குத்தமும் இல்லம்மா. ஊரு மேலதான்."

டைப் மிஷின் மீது என் விரல்கள் நின்றுவிட்டன. உள்ளறையில் மதினி நாற்காலியைத் தள்ளி எழுந்த சத்தம் கேட்டது. வந்தவள் நேரே பரணுக்கு ஏணியைச் சாய்த்தாள். ஒவ்வொரு குடமாக இறக்கித் தரையில் வைத்தாள்.

"ஊரு ஊராப் பாத்தாத்தான் நமக்குச் சுளுவு, இல்லேன்னா கட்டுப்படியாகாதும்மா" என்றார் கணக்குப்பிள்ளை.

"சுளுவுதான். அந்த வெள்ளக்காரனுக்கும் அதான் சுளுவு" என்றாள் மதினி. சுவரிலிருந்த மூன்றாம் அட்டையைப் பிய்த்துத் திருப்பி, பென்சிலை எடுத்துக்கொண்டு, முன்னால் நின்றவளிடம் கேட்டாள். "ஒம் பேரென்ன?"

"ஏளு வருசம் களிச்சுக் கேக்கீக" என்றாள் அவள். சிரிக்கவில்லை. மதினியும் தலை நிமிரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. சொன்ன பெயரை மதினி எழுதினாள், பிறகு அடுத்தவளைக் கேட்டாள். பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு கட்டோடும், பரணிலிருந்து இறங்கிய குடங்களோடும் போனார்கள்.

அன்று மத்தியானமே மதினி மேல்நாட்டுக் கம்பெனிக்குப் பதில் சொன்னாள். "எங்க நாட்ட எங்கன வேணும்னாலும் வையி. எம் பேர எந்த வரிசையில வச்சிருக்கேன்னு மட்டும் எளுது. அப்படி ஒரு அட்ட இருந்தா அனுப்பு, இல்லேன்னா இனிமே எனக்கு ஒண்ணும் அனுப்பாத." அந்த ஒரு கடிதத்தை மட்டும் நான் மரியாதையாக மாற்றவில்லை, சொன்னபடியே இங்கிலீஷில் அடித்தேன். பதில் வரவே இல்லை.

சக்கரத்தை விருதுநகரில் ஒரு லேத் பட்டறையில் செய்யச் சொன்னாள். முதலாவது ஒரே நாளில் உடைந்தது, இரண்டாவது மாட்டவே மாட்டவில்லை. மூன்றாவது, தெருக்கோடி வரை கேட்கிற சத்தத்தோடு ஓடியது. வர்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல், லேபிளில் இருந்த பெண்ணுக்கு உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்தது. இரண்டு கம்பெனிகள் லோடைத் திருப்பிவிட்டன. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். நஷ்டம்தான், ஆனால் அச்சாபீஸ் நின்றது.

அந்தச் சீசன் முடிவதற்குள் பத்தொன்பது பேரில் ஒருத்தி கட்டோடு போய்விட்டாள். இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கணக்குப்பிள்ளை சிவப்பு மசிப் பேனாவோடு வந்து நின்றார். மதினி அட்டையை எடுத்து அந்த ஒரு பெயரை மட்டும் அடித்தாள். "போனவ பேரு இது. ஊருக்கு இதுல என்ன சோலி?" என்றாள். அவள் இருந்தவரை அந்தப் பரணில் குடம் ஏறவில்லை.

போன மாதம் டெலிவிஷனில், எங்கோ ஒரு கம்பெனி நம் நாட்டின் கடன் நாணயத்துக்குப் போட்டிருந்த தரத்தை ஒரு படி ஏற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. என் பேரன் கை தட்டினான். இறக்கியபோது அழுதாயா என்று கேட்டேன். பீரோவைத் திறந்து அட்டையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். மூன்று வரிசைகளையும் மேலும் கீழும் பார்த்து, நாட்டின் பெயரைக் கண்டுபிடித்து, இவ்வளவு கீழேயா என்றான். திருப்பிப் பார் என்றேன். பென்சில் மங்கித்தான் இருக்கிறது, இருந்தாலும் படிக்க முடிகிறது. பத்தொன்பதில் ஒன்று அடிபட்டிருக்கிறது, பதினெட்டும் அப்படியே நிற்கின்றன. முதல் பெயரை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். மாடத்தி.