மதினி ஓட்டிய வழுக்கு வண்டி

மதினி என் உள்ளங்கையில் வைத்த அந்த ரிமோட் கார் டயர் ஒரு குழந்தையின் வளையல் அளவுதான் இருந்தது. ரப்பரே கிடையாது, கெட்டி பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. “இது தரையைப் பிடிக்கவே பிடிக்காதே மதினி” என்றேன். “பிடிக்கக் கூடாதுன்னுதானட்டி இப்படிச் செஞ்சிருக்கான். தரையைப் பிடிச்சு ஓடுத வண்டியை யாரும் ஓட்டிருவாங்க. இது வழுக்கும். வழுக்கும்போதே நாம நினைச்ச பக்கம் கொண்டு போகணும்” என்றாள்.

என் அண்ணனின் மனைவி அவள். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் சாலையோரம் எங்கள் ஊர். கல்யாணமான மறுவருடத்திலிருந்து பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். ஐப்பசி மழையில் கரிசல் பாதை களியாகிப் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனாலும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து வேனை நேராக்கிவிடுவாள். உள்ளே பிள்ளைகள் பாட்டைக்கூட நிறுத்த மாட்டார்கள். அப்படிப்பட்டவள் ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வலிப்பு வந்து விழுந்தாள். இரண்டாம் முறையும் வந்தபோது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளே வேன் சாவியைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்தாள். மாத்திரையையும் தவறாமல் போட்டாள். அவள் எதிர்த்தது எங்களைத்தான். கோயில் கொடை விழாவுக்கு வராதே, கல்யாண வீட்டுக்கு வராதே, பஸ்ஸில் தனியாகப் போகாதே என்று நாங்கள் ஒவ்வொன்றாக அடுக்கினோம். அக்கறை என்றுதான் சொல்லிக்கொண்டோம். ஊர் முன்னால் விழுந்துவிடுவாளோ என்கிற வெட்கம் அதில் பாதிக்கு மேல் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாட்களில்தான் மதினி வரவழைத்த பெட்டி கூரியரில் வந்தது. உள்ளே ஒரு முழ நீளத்தில் ரிமோட் கார். “ஏற்கெனவே வண்டி வேண்டாம்னு சொல்லியாச்சுல்லா?” என்று அண்ணன் கத்தினான். “வண்டிக்குள்ள உக்காந்து ஓட்டக் கூடாதுன்னுதான டாக்டர் சொன்னாரு? இதுக்குள்ள நான் உக்கார முடியாது, பாத்துக்கிடுங்க” என்றாள் மதினி.

மிளகாயோ சோளமோ காயாத மாதங்களில் ஊர்க்களம் காலியாகக் கிடக்கும். விடிந்ததும் துடைப்பத்தோடு போய்விடுவாள். சிமெண்டில் கரிசல் தூசி கொஞ்சம் படிந்திருந்தாலும் கார் தறிகெட்டுச் சுற்றும். கூட்டி முடித்து, சுண்ணாம்புத் தூளால் வளைவு வரைந்து, காரைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள். பின்பக்கம் அதிகமாக வழுக்கினால் பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவாள். காருக்குள் ஜைரோ என்று தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டி உண்டு. கார் பக்கவாட்டில் திரும்பும்போது முன்சக்கரத்தைத் தானாகவே எதிர்ப்பக்கம் ஒடித்துக்கொடுக்கும். அது வேலை செய்யும் அளவை அவள் குறைத்தே வைத்திருந்தாள். “எல்லாத்தையும் அதுவே செஞ்சா நான் எதுக்கு இங்கன நிக்கணும்?” என்பாள். வேன் ஓட்டியவள் பொம்மை ஓட்டுகிறாள் என்று ஆண்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். தலையைக்கூட நிமிர்த்தாமல், “அண்ணாச்சி, கோட்டுல நிக்கீங்க. காலை எடுங்க” என்பாள்.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி என்று தெரிந்து அவள் பெயர் கொடுத்தாள். அண்ணன் சொன்னான் என்று ரிமோட்டை எடுத்து என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தவள் நான்தான். இரண்டு நாள் தேடிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். “ஏட்டி, நாளைக்கு உனக்கு வலிப்பு வந்தா, உன் செல்போனை நான் ஒளிச்சு வைக்கட்டுமா? வேலைக்குப் போகாதேன்னு சொல்லட்டுமா?” குரலை உயர்த்தவே இல்லை. எடுத்துக் கொடுத்தேன். கூடவே மதுரைக்கும் போனேன்.

மண்டபத்தில் பளபளவென்று கிரானைட் தரை. களத்து சிமெண்டில் பழகிய கார் அங்கே எண்ணெயில் விட்டதுபோல வழுக்கியது. அரை மணி நேரத்தில் டயரை மாற்றி, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அதை அவள் வழிக்குக் கொண்டுவந்தாள். முன்னால் போகும் காரை இடிக்காமல், கோட்டைத் தாண்டாமல், அதைப்போலவே வழுக்கி ஓட்டுவதுதான் போட்டி. இரண்டு சுற்றுகளில் ஜெயித்தாள். மூன்றாவதற்குப் பெயர் கூப்பிட்டபோதுதான் அவள் கண்கள் ஒரு பக்கமாக நிலைத்துப்போயின. ரிமோட் கீழே விழுந்தது. அவளும் விழுந்தாள்.

யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடிவந்தார். இரும்பு எதையும் கொடுக்க விடாதே என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தாள். அவரைத் தள்ளிவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். இரண்டு நிமிடம் இருக்கும், அடங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்துத் தெளிந்தவள் முதலில் கேட்டது, “கார் எங்க?” என்பதுதான். போட்டி நடத்தியவர் தயங்கித் தயங்கி, “நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா. எதிராளி ஜெயிச்சதா எழுதிருவோம்” என்றார்.

“வலிப்பு எனக்குத்தான வந்துச்சு? காருக்கு வரலையே” என்றாள் மதினி. “ஒரு நாற்காலி போடுங்க. உக்காந்து ஓட்டுதேன்.”

போட்டார்கள். முன்னால் ஓடிய காரை ஒட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு, அதே சாய்வில் இவள் காரும் பக்கவாட்டில் வழுக்கிப் போனது. கடைசி வளைவில் ஒரு கணம் பிந்தித் திருப்பினாள். கார் கோட்டைத் தாண்டிவிட்டது. தோற்றாள். எதிராளி கை கொடுக்க வந்தபோது, “அடுத்த வருசம் நின்னுக்கிட்டே ஓட்டுவேன், தம்பி. பேட்டரியை மாத்திக்கிட்டு வாங்க” என்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள் விடிந்ததும் களத்தில் துடைப்பச் சத்தம் கேட்டது. மதுரையில் நடந்ததை நான் சொல்லியிருந்ததால் அண்ணன் பதறிக்கொண்டு போனான். நானும் பின்னாலேயே ஓடினேன். களத்தின் நடுவில் போய் நின்று, “திரும்பவும் விழுந்தா என்ன செய்வே?” என்று கேட்டான்.

மதினி ரிமோட்டை எடுத்தாள்.

“எந்திரிப்பேன். நடுவுல நிக்காதீங்க, வண்டி வருது.”

அண்ணன் விலகி நின்றான்.