ஏழாவது எலும்பு

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள அவருடைய படம் கொஞ்சம் மங்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர் இருந்திருந்தால், "இன்னாடா இது, மூஞ்சியே தெரியல" என்று அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பார்.

நொச்சிக்குப்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. அப்பா கடலுக்குப் போவார், அம்மா சாலையோரம் மீன் விற்பார். எங்கள் தெருவிலிருந்து எக்ஸ்ரே படிப்புப் படித்த முதல் பெண் அக்காதான். மயிலாப்பூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மீன் வாடை வருகிறது என்று அங்கே சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அது பிலிம் காலம். இருட்டறையில் சிவப்பு விளக்கொளியில் பிலிமை மருந்துத் தண்ணீரில் கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயவைப்பார். வீட்டில் சோறு தின்னும்போதும் எனக்குப் பாடம் நடக்கும். கதிர் குறைந்தால் படம் வெளுத்துப்போகும், கூடினால் கருத்துப்போகும், நோயாளி அசைந்தால் ஓரமெல்லாம் கலங்கிவிடும். இவையெல்லாம் சரியாக அமைந்தால் அது நல்ல படம் என்றுதான் அக்காவும் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையை உடைத்தது வேலு அண்ணன் கழுத்து.

வேலு அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர், ஆள் காளை மாதிரி இருப்பார். கரையேறும்போது படகு கவிழ்ந்து கழுத்தில் அடி. அக்காதான் பக்கவாட்டில் படம் எடுத்தார். பளிச்சென்று வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, முறிவு இல்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். எல்லாம் நல்லா கீதுண்ணா என்று அக்காவும் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் படத்தை மறுபடியும் விளக்குப்பெட்டியில் மாட்டி ரசித்திருக்கிறார். கழுத்துக்கு ஏழு எலும்பு. எண்ணினால் ஆறுதான் இருந்தது! ஏழாவதை வேலு அண்ணனின் அகன்ற தோள் மறைத்துவிட்டிருந்தது.

டாக்டரிடம் ஓடினார். "படம் நல்லாத்தானே இருக்கு? ஆளும் போயாச்சு, விடும்மா" என்றார் அவர்.

"தப்பு என்னுது சார். ஏழாவது எலும்பு தெரியாத படத்தக் குடுத்துட்டேன். போய் ஆளக் கூட்டினு வர்றேன்."

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்கிறாளே என்று அம்மா பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அப்போது கரையில் நின்றிருந்தேன். படகு இன்ஜினைத் தோளில் ஏற்ற வேலு அண்ணன் குனிந்துகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டோடு மணலில் ஓடிவந்த அக்கா போட்ட கூச்சலில் குப்பமே திரும்பிப் பார்த்தது.

"ண்ணா! அத்த வுடு! தலைய ஆட்டாத!"

"இன்னாம்மா, நீதான எல்லாம் நல்லா கீதுன்ன?"

"தப்பா சொல்ட்டேண்ணா. அப்டியே படு."

கழுத்தின் இரு பக்கமும் துணியைச் சுருட்டி அணை கொடுத்து, பலகையில் கிடத்தி, நாலு பேர் வண்டியில் ஏற்றினோம். கழுத்தை அசைக்காமல் ஒரு கையைத் தலைக்கு மேலும் மறு கையைக் கீழுமாக, நீச்சலடிப்பதுபோல வைத்துப் படம் எடுத்தார் அக்கா. தோள் கனத்துக்கு அது வெளுத்துப்போனது. கதிரைக் கூட்டி இன்னொன்று எடுத்தார். ஏழாவது எலும்பு தெரிந்தது. அதில் விரிசலும் தெரிந்தது.

இன்ஜினைத் தூக்கியிருந்தால் கை கால் விளங்காமல் போயிருக்கும் என்று டாக்டரே சொன்னார். அந்த வாரமே அக்காவின் வேலையை நிரந்தரமாக்கச் சொன்னவரும் அவர்தான். மூக்கைச் சுளித்தவர்கள் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே!

பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும், திரையில் விரல் வைத்து எலும்பை எண்ணும் பழக்கத்தை அக்கா விடவில்லை. கடைசி நாட்களில் அவருக்கே நெஞ்சில் சளி கட்டியது. படுக்கைக்கு வந்து எக்ஸ்ரே எடுத்த பெண்ணிடம், "மூச்சு புடிக்கச் சொல்லவே இல்லியேமா, திரும்ப எடு" என்றார். எடுக்கவும் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே போய் அழுதேன்.

அக்காவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பந்தல் போட்டதிலிருந்து காரியம் முடியும்வரை கூட நின்ற குப்பத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வேலு அண்ணனுக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வயதாகிவிட்டது, பாடை தூக்க வேறு ஆள் இருக்கிறார்கள் என்று எவ்வளவோ சொன்னோம். "போடா, உனக்கு இன்னா தெரியும்" என்று முன்பக்கம் போய் நின்றார். அன்று ஏழாவது எலும்பை மறைத்த அதே தோளில்தான் எங்கள் அக்கா போனார்.