ராணி வெளியே வந்தாளா?

முடிவைச் சொல்லிவிட்டார்கள்! மூன்று வருஷமாக நான் காத்திருந்த கதையின் முடிவை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்துப் போட்டு உடைத்துவிட்டார்கள்.

என் வாசிப்பு ரசனை உங்களுக்குத் தெரிந்ததுதான். குடும்பக் கதை என்றால் பத்தாம் பக்கத்தில் கொட்டாவி. துப்பறியும் கதை பரவாயில்லை, பஸ் பயணத்துக்கு ஆகும். ஆனால் பேசும் கழுகு, பனிக்குள் மறைந்த நகரம், மந்திரக் கதவு — இதில் ஒன்று இருந்தால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழும்ப மாட்டேன். “நாற்பது வயசு டீச்சருக்கு மாயாஜாலக் கதையா?” என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். ஆமாம், அதுதான்! வேண்டுமா, இரவல் தருகிறேன்.

இந்தக் கதை மூன்று பாகம். பனி நகரத்தைக் காப்பாற்ற அதன் ராணி மந்திரக் கதவுக்குள் தனியாகப் போகிறாள். திரும்பி வருவாளா, மாட்டாளா? சரியாக அந்த இடத்துக்கு வந்தபோது தவணைப் பரீட்சைப் பேப்பர்கள் வந்து குவிந்தன. புத்தகம் மேசையில் இருந்தால் ஒரு பேப்பரும் திருந்தாது. ஹட்டனில் என் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா மகள் செல்வி அக்காவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். முதல் இரண்டு பாகங்களையும் என்னிடம் வாங்கிப் படித்தவர் அவர்.

அங்கேதான் தப்புச் செய்தேன். அக்கா பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மலையில் ஒருத்தி படித்த கதை ஒருத்தியோடு நிற்குமா? கை கொழுந்து பறிக்கும், வாய் கதை சொல்லும்... பக்கத்து நிரையில் நிற்பவள் அடுத்தவளுக்குச் சொல்வாள்.

போன வாரம் சனிக்கிழமை பேப்பர்களை முடித்துவிட்டுப் புத்தகத்தை வாங்க ஓடினேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் பார்த்திராத ஒரு பெண் என்னைக் கண்டதும் சிரித்தார்.

“செல்வி தங்கச்சிதானே நீங்க? புத்தகக்கார டீச்சர்! ராணி வெளிய வந்துட்டாங்கல்ல... இப்பத்தான் எங்களுக்கு நிம்மதி!”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோபம் இருந்தால் மட்டும் கை சும்மா இருக்குமா? தலவாக்கலை வருவதற்குள் கடைசி அத்தியாயம். படித்தேன்... திரும்பவும் படித்தேன். ராணி வெளியே வரவில்லை! நகரம் பிழைக்கிறது, கதவு மூடிக்கொள்கிறது, அவள் உள்ளேயே இருந்துவிடுகிறாள்.

“ஐயோ!” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் துக்கம், மறுபக்கம் குதிக்க வேண்டும் போல சந்தோஷம் — முடிவு கெடவே இல்லை! இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, ராணி வரவே இல்லையே! ஏன் மாத்திச் சொன்னீங்க?”

“நான் எங்க தங்கச்சி மாத்துனேன்? உள்ளது உள்ளபடிதான் சொன்னேன். எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. பனி எறங்குனா நாங்க தலைய எண்ணிப் பாத்துட்டுத்தான் மலைய விட்டு எறங்குவோம். ஒருத்தி கொறஞ்சாலும் நின்னு, பேரச் சொல்லிக் கூப்புடுவோம். அந்த ஊர்க்காரங்க மட்டும் அவள உள்ள விட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்களான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது? அதான், ஊரே கதவுக்கிட்ட நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு, அவ வந்துட்டான்னு நாங்களே முடிச்சிட்டோம்.”

கோபித்துக்கொண்டு வந்ததற்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். மாயாஜாலக் கதை என்பது நிஜ வாழ்க்கையிலிருந்து ஓடி ஒளிய ஒரு வழி என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களை இனி நேராக அந்த மலைக்கு அனுப்பி வைப்பதாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையைச் சொன்னேன். எந்த முடிவை என்று கேட்கிறீர்களா?

எழுத்தாளர் மன்னிக்க வேண்டும்... ஆளை விட்டுவிட்டு இறங்குகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.